தையல் மிஷின் நின்ற பக்கம்

ரேடியேட்டர்க்காரர் தம் வாழ்நாளில் பட்ட கடன் ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் கைநீட்டி வாங்கவில்லை. முகம் தெரியாத ஒரு பெண்மணி தூக்கம் கெட்டுச் செய்த வேலையை, கூலி கொடுக்காமல், நாற்பது பேரைக் கூட்டிவைத்து ஞாயிறுதோறும் சத்தம் போட்டுப் படித்து அனுபவித்துவிட்டார். கடன் என்று தெரியாமலே பட்ட கடன். தெரிந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் அந்த ரகம் இல்லை.

லாரியின் முகத்தில், கம்பி வலைக்குப் பின்னால், இன்ஜின் தண்ணீரைக் குளிரவைத்துக் கொடுக்கிற பெட்டி இருக்கிறதே, அதுதான் ரேடியேட்டர். அது ஒழுகினால் எவ்வளவு பெரிய லாரியும் நடுவழியில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்த ஒழுக்கைக் கண்டுபிடித்து ஈயம் வைத்து அடைப்பது இவர் தொழில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவர், கூட்டின பட்டறையையே பிற்பாடு விலைக்கு வாங்கினார். அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் அவர் படுத்ததில்லை. மாடி வைத்த வீடு, மகளுக்குப் பட்டப்படிப்பு, எல்லாமே கையிருப்பில்தான். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கமாட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்த ஒரு நாள், தண்ணீர் பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் புது ஏணி வாங்கிவந்து ஏறிய மனிதர்.

"என்னை இதுவரைக்கும் எவனும் வழியில நிறுத்தி, எங்கடா என் காசுன்னு கேட்டதில்ல" என்பார்.

அவர் மனைவி தலையணை உறை தைத்துக்கொண்டே பதில் சொல்வார். "உங்கள வழியில நிறுத்தினா நீங்க பட்டறை வாங்கின கதையச் சொல்லுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் யாரும் நிறுத்தறதில்ல."

அவருக்குப் படிக்கிற பழக்கம் வந்த விதமே வேறு. பட்டறைக்கு உதிரிச் சாமான்கள் பழைய தாளில் சுற்றித்தான் வரும். ஈயம் உருகுகிற வரைக்கும் சும்மா உட்கார முடியாமல் அந்தத் தாளை விரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். சில சமயம் அது செய்தித்தாளாக இருக்கும். சில சமயம் ஏதோ கதைப் புத்தகத்திலிருந்து கிழிந்த பக்கமாக இருக்கும். ஒருத்தி கதவைத் திறப்பாள். உள்ளே யார் நின்றார்கள் என்பது அடுத்த பக்கத்தில். அடுத்த பக்கமோ எந்தக் கடையில் எந்தச் சாமானைச் சுற்றிக்கொண்டு போனதோ. இப்படி முதலும் முடிவும் இல்லாத நடுப்பக்கங்களாகவே வாழ்நாள் பூராவும் படித்தவர் அவர். முழுப் புத்தகம் ஒன்றை அட்டையிலிருந்து அட்டைவரை அவர் கையில் பிடித்தது முழங்கால் மக்கர் செய்து, பட்டறையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான். அதுவும் கையில் இல்லை, போனில்.

அந்தப் போன் வேலை மகளுடையது. வேறொரு நகரத்தில் பெரிய அலுவலகத்தில் இருந்தாள். அப்பா வீட்டில் உட்கார்ந்து அம்மாவை வறுத்தெடுப்பாரே என்ற கவலையில் ஒரு வாசகர் கூட்டத்தைத் தொடங்கினாள். ஞாயிறு மாலை எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே போனில் கூடுவது, ஒரு புத்தகத்தை வாரம் கொஞ்சமாகப் படிப்பது. சேர்ந்தவர்கள் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். மீதி வீட்டு வேலைக்கு நடுவே காதை மட்டும் கொடுக்கக்கூடியவர்கள். புத்தகத்துக்குக் காசு செலவழிக்கச் சொன்னால் பாதிக்கூட்டம் கலைந்துவிடும். அதனால் மகள் ஒரு சட்டம் வைத்தாள். எழுதினவர் காலமாகி, சட்டத்தில் சொன்ன காலமும் கடந்து, உரிமை என்று யாரும் கேட்டுவர முடியாத பழைய நல்ல புத்தகங்கள் மட்டும்தான். அவை இணையத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இலவசமாகக் கிடந்தன.

முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் கேஷியர். ஊரில் உள்ள வங்கி ஒன்றில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நோட்டு எண்ணி ஓய்வுபெற்றவர். அதே ஊர்க்காரர்தான் என்றாலும் ரேடியேட்டர்க்காரருக்கு அவர் பழக்கமானது இந்தக் கூட்டத்தில்தான், பழகிய நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கேஷியர் தேர்ந்தெடுத்தது ஓர் அரசவம்சத்தின் கதை. அதில் வந்த ராஜாக்கள் சாகிற வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூட்டத்திலிருந்தும் ஆட்கள் உதிர்ந்தார்கள். மூன்றாவது வாரம் கேஷியர், மகள், ரேடியேட்டர்க்காரர், தூங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், இவர்கள் நாலு பேர்தான் மிச்சம்.

அடுத்ததை அப்பா தேர்ந்தெடுக்கட்டும் என்றாள் மகள்.

"அண்ணே, இது ஓட்டை அடைக்கிற வேலை இல்ல" என்றார் கேஷியர்.

"உங்க புத்தகத்துல இருந்த ஓட்டை வழியாத்தானே சார் அத்தனை பேரும் வெளிய போனாங்க" என்றார் ரேடியேட்டர்க்காரர். தூங்கிய நர்ஸ் விழித்துச் சிரித்தார்.

வாய் விட்டுவிட்டார், இனி செய்து காட்டியாக வேண்டும். மறுநாள் காலையிலிருந்து போனை மூக்கோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்த ஆசிரியர் எப்போது செத்தார் என்று தேடுவதே வேலை. "மனுஷன் ஓய்வு கெடச்சு, செத்தவங்க கணக்கு எடுத்துட்டு இருக்காரு" என்று மனைவி மகளிடம் போனில் புகார் சொன்னார்.

செத்தவர்கள் கணக்கில்லாமல் கிடைத்தார்கள். அதில் எது நல்ல புத்தகம் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. எல்லாப் புத்தகத்துக்கும் முன்னால் யாராவது ஒருவர் இதைப்போல் உண்டா என்று எழுதியிருந்தார். ரேடியேட்டர்க்காரர் அதையெல்லாம் சீந்தவில்லை. பழைய ரேடியேட்டரை விற்க வருகிறவன் முதலில் முன்பக்கத்துக்குத்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டு வருவான். பெயிண்டைப் பார்த்து அவர் வாங்கியதே கிடையாது. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. புத்தகத்துக்கும் அதேபோல் ஒரு தொட்டி வேண்டும் என்று யோசித்தவர் கண்ணில், எதிரே தைத்துக்கொண்டிருந்த மனைவி பட்டார்.

ஒரு மரச்சாமான் கடைக்கு அந்த அம்மாள் தலையணை உறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடகடவென்று ஓடும் மிஷின். கதை கேட்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அவரிடம் யாரும் சொன்னதும் கிடையாது. ரேடியேட்டர்க்காரர் போனில் புத்தகத்தின் நடுவே ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பார், சத்தமாகப் படிப்பார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தால் ஓட்டை. நின்றால் தேறியது. மனைவியிடம் இந்தச் சோதனையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. திடீரென்று இந்த மனிதர் தன் எதிரில் உட்கார்ந்து படிக்கிறாரே என்று அந்த அம்மாளுக்கு ஆச்சரியம்தான். கேட்டால் நிறுத்திவிடுவார் என்று அவரும் கேட்கவில்லை.

ஒரு ஞானியின் வாழ்க்கைக்கு மிஷின் முன்னைவிட வேகமாக ஓடியது. ஒரு காதல் கதைக்கு நின்றது. எட்டிப் பார்த்தால் நூல் அறுந்திருந்தது. நூல் அறுந்து நிற்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அந்த மட்டும் நேர்மையான மனிதர். ஒரு கொலைக் கதைக்கு உண்மையாகவே நின்றது. ஆனால் அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, "மச்சான்காரன்தான் கொன்னிருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். ரேடியேட்டர்க்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மச்சான்தான். அந்தப் புத்தகமும் போயிற்று.

இப்படிப் பல நாள் போன பிறகு ஒரு காலை, கண்ணாடியை உருக்கி ஊதிக் குப்பி செய்கிறவனின் விதவையைப் பற்றிய கதையொன்றின் நடுப்பக்கத்தைத் திறந்தார். எங்கோ குளிர் தேசத்துக் கதை. புருஷன் செத்துப்போகிறான். உலை அணைந்தால் உள்ளே கண்ணாடி உருகுகிற மண்கலம் வெடித்துவிடும், பிறகு தொழிலே இல்லை. அவள் விறகு மண்டிக்குப் போய்க் கடனுக்கு விறகு கேட்கிறாள். மண்டிக்காரன், கணவன் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன அவசரம், துக்கம் தீரட்டும் என்கிறான். அதற்கு அவள் சொல்கிறாள்: "என் வீட்டுக்காரர் செத்தது நெருப்புக்குத் தெரியாது ஐயா. அதுக்குப் பசி வேளைக்கு வருது."

மிஷின் நின்றது.

ரேடியேட்டர்க்காரர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். நூல் அறுபடவில்லை. அந்த அம்மாள் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிய இன்னொரு தரம் படிங்க" என்றார்.

படித்தார். அந்தப் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கமும் முடிந்தது. அன்றைக்குத் தலையணை உறைகள் கடைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன.

அந்தப் புத்தகத்தை ஞாயிறு கூட்டத்தில் படிக்கத் தொடங்கியதும் கேஷியரே குறை சொல்லாமல் வாரா வாரம் வந்து உட்கார்ந்தார். உதிர்ந்துபோனவர்கள் திரும்பினார்கள், புது ஆட்களைக் கூட்டியும் வந்தார்கள். படிப்பது ரேடியேட்டர்க்காரர்தான். லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல், போனை இரண்டு முழம் தள்ளிவைத்துத்தான் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் படிக்க வேண்டியதை அவர் காலைகளில் மனைவியிடம் ஒத்திகை பார்த்தார். ஒத்திகை என்பது சாக்கு. கல்யாணமான நாளிலிருந்து விடிந்தால் பட்டறை, அடைந்தால் படுக்கை என்று ஓடிய மனிதர், மனைவியின் எதிரே ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது இந்த விதவையின் புண்ணியத்தில்தான். அந்த அம்மாள் இப்போதெல்லாம் அவர் போனை எடுத்ததுமே மிஷினை நிறுத்திவிடுகிறார். உலை அணையுமா அணையாதா என்பது அவருக்குச் சொந்த வீட்டுக் கவலைபோல ஆகிவிட்டது.

இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இத எழுதினவரு எந்த ஊரு?"

ரேடியேட்டர்க்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குளிர் தேசம், ரொம்ப தூரம், நம் தாத்தா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், செத்த வருஷத்தை மூன்று இடத்தில் சரிபார்த்தேன், ஒரு பயல் உரிமை கேட்டு வாசலுக்கு வர முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"அவருக்கு நம்ம பேச்சு தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? நீ ஒண்ணு."

"அப்ப, பசி வேளைக்கு வருதுன்னு சொன்னது யாரு?"

அவர் போனைக் கீழே வைத்தார்.

யாரோ ஒருவர் தமிழில் மாற்றியிருப்பார் என்பது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அதைப் பெயிண்ட் மாதிரி நினைத்திருந்தார். வண்டி செத்தால் பெயிண்டும் சேர்ந்து செத்தது என்று கணக்கு. இப்போது யோசித்துப் பார்த்தால் மனைவியின் மிஷினை நிறுத்தியது செத்துப்போன வெளிநாட்டுக்காரர் இல்லை. போனை எடுத்து, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு புத்தகத்தின் பெயர் போட்ட பக்கத்துக்குப் போனார். ஆசிரியர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், தமிழில் என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர். அதற்கும் கீழே, இந்தத் தமிழாக்கத்தின் உரிமை மொழிபெயர்த்தவருக்கே என்று ஒரு வரி. அச்சாகியே ஐம்பது வருஷம் ஆகவில்லை.

மகளிடம் சொன்னார். தானும்தான் பார்க்கவில்லை, அப்பா சரிபார்த்துவிட்டேன் என்றதும் நம்பிவிட்டேன் என்றாள். பிறகு, இனி இதைப் படிக்கக்கூடாது, வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம், ஞாயிறு கூட்டத்தில் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

"மூணு அத்தியாயம் இருக்கும்மா. உங்க அம்மா கேட்டுட்டு இருக்கா."

"தமிழ்ல எழுதின அந்தம்மா சரின்னு சொன்னா படிக்கலாம்ப்பா. இருக்காங்களோ இல்லையோ, யாருக்குத் தெரியும்?"

ஞாயிறு மாலை மகளைப் பேச விடவில்லை. தாமே சொன்னார். சுற்றி வளைக்காமல், நான் தேர்ந்தெடுத்தேன், நடுவைப் பார்த்தேன், முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, அடுத்தவர் உழைப்பை உங்கள் எல்லாருக்கும் ஓசியில் விளம்பிவிட்டேன் என்றார். அந்தப் பெரிய குரல் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு பேர் பிறகு சொன்னார்கள். எல்லாரும் கேஷியருக்காகக் காத்திருந்தார்கள். வசமாகச் சிக்கியிருக்கிறார், விடுவாரா?

கேஷியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னதும், "இருக்காங்க" என்றார். "நான் வேலையில இருந்தவரைக்கும் மாசம் பொறந்தா ஓய்வூதியம் வாங்க என் கவுன்ட்டருக்குத்தான் வருவாங்க. நோட்ட ஒரு தடவை எண்ணிக் குடுத்தா வாங்க மாட்டாங்க. இன்னொரு தடவை எண்ணுன்னு நிப்பாங்க. பின்னாடி வரிசையே திட்டும். வீடு எங்கன்னு எனக்குத் தெரியும்ண்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ரேடியேட்டர்க்காரர் அடியோடு மறுத்துவிட்டார். தேர்ந்தெடுத்தது அவர், கடன் அவருடையது, அதை அடைக்க இன்னொருவன் பையில் கைவிட வேண்டிய நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை.

எவ்வளவு கொடுப்பது என்று அவரே ஒரு கணக்குப் போட்டார். பெரிய லாரிக்கு ரேடியேட்டரைக் கழற்றி, உள்பாகம் பூராவும் மாற்றி, சோதித்துக் கொடுத்தால் என்ன கூலியோ அது. மனைவி, இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார். கூலிக் கணக்கு எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று அலமாரியைப் பூட்டினார். உள்ளுக்குள் அவருக்கு வேறோர் எண்ணம். புத்தகம் எழுதுகிற பெரிய மனுஷி, ஐயோ பணமெல்லாம் எதற்கு என்று சொல்லத்தான் போகிறார். அப்போது, இல்லையம்மா, நான் கடன் வைக்கிறவன் இல்லை என்று பட்டறை வாங்கின கதையிலிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டார்.

வீடு இரண்டாவது மாடியில், ஒரே அறை. கேஷியரும் கணவன் மனைவியுமாக மூன்று பேரும் ஏறி முடிப்பதற்குள் முழங்கால் மூன்று தடவை ரேடியேட்டர்க்காரரை உட்காரவைத்தது. கதவைத் திறந்தவருக்கு எண்பது இருக்கும். ஒடிசலான உடம்பு, வெட்டிய நரைமுடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. கட்டில், மேசை, ரேடியோ, சுவரோடு சுவராகப் புத்தகங்கள். கேஷியரை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தவர்தானே? வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேம்மா" என்றார் கேஷியர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"இந்தத் தம்பி யாரு?"

ரேடியேட்டர்க்காரரைத் தம்பி என்று கடைசியாக அழைத்தவர் யாரென்று அவருக்கே நினைவில்லை. அடுக்கிவைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. வந்த விஷயத்தைத் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார். அந்த முதிய அம்மாள் குறுக்கே பேசவில்லை. நாற்பது பேர் கேட்டார்கள் என்றபோது மட்டும், "எத்தனை பேரு?" என்று திருப்பிக் கேட்டார். நாற்பது என்றார். முதிய அம்மாள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"படிங்க, கேப்போம்."

எந்த இடம் என்று ரேடியேட்டர்க்காரர் கேட்கவில்லை. கை தானாகவே விறகு மண்டிப் பக்கத்துக்குப் போயிற்று. படித்தார். மண்டிக்காரன் துக்கம் தீரட்டும் என்றதும், வரி வருவதற்கு முன்பே அந்தக் கிழவியின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வரியைப் படித்து முடித்தபோது சிரிப்பு இல்லை.

"மூலத்துல அது இல்ல தம்பி" என்றார். "நெருப்பு காத்திருக்காதுன்னுதான் எழுதியிருந்தாரு, அவ்வளவுதான். தமிழ்ல அப்படியே வெச்சா சப்புன்னு இருந்துச்சு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ராத்திரி வேலை. ஊருக்கு ஊர் லைன் போட்டுக் குடுக்கணும், பேச ஆரம்பிச்சதும் ஒட்டுக்கேக்காம விசையிலேருந்து கைய எடுத்துடணும். ஒரு நாள் ஒரு பொண்ணு அவங்க அண்ணங்கிட்ட பேசறா. குழந்தைக்குப் பால் வாங்கக் காசு அனுப்புங்கறா. இப்பத்தானே காரியம் முடிஞ்சுது, கொஞ்சம் பொறுங்கறான் அவன். அதுக்கு அந்தப் பொண்ணு சொன்னா, அதோட அப்பா செத்தது குழந்தைக்குத் தெரியாதுண்ணே, அதுக்குப் பசி வேளைக்கு வருதுன்னு. என்னால கைய எடுக்க முடியல."

"அப்புறம் அந்தக் குழந்தை?" என்று கேட்டார் ரேடியேட்டர்க்காரர் மனைவி. மாடி ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தெரியலம்மா. நேரம் முடிஞ்சு லைன் கட்டாயிடுச்சு."

அறையில் ரேடியோ மெல்லிசாக இரைந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர்க்காரர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். இப்போது வேண்டாம் என்பார், நாம் வற்புறுத்த வேண்டும். அந்த முதிய அம்மாள் உறையை வாங்கிப் பிரித்து, நோட்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து எண்ணினார். பிறகு உறைக்குள் போட்டு அவரிடமே கொடுத்தார்.

"இது போதாது தம்பி."

கேஷியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. நான் இத இனாமாச் செய்யல. ராத்திரி பூரா லைன் போட்டுட்டு வந்து, பகல்ல தூங்காம ரெண்டு வருஷம் உக்காந்தேன். அச்சாபீஸ்காரர் ஒரு தொகை பேசினாரு. போட்டாரு. காசு மட்டும் வரல. புத்தகம் விக்கல, ஒருத்தரும் படிக்கல, எங்கேருந்து குடுப்பேன்னாரு. அப்புறம் கடையையே மூடிட்டுப் போயிட்டாரு. யாரும் படிக்காததுக்குக் கூலி கேக்கறது எப்படின்னு நானும் விட்டுட்டேன். இப்ப நாப்பது பேரு படிச்சேன்னு வந்து சொல்றீங்க. அப்ப கூலி உண்டு. அவரு பேசினது, இன்னைக்குக் காசுக்குப் பாத்தா, இதப்போல ரெண்டு பங்கு."

ரேடியேட்டர்க்காரரின் காது சிவந்தது. எதிர்த்துச் சொல்ல ஏதோ நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவருக்குப் பட்டறை வாசல் நினைவு வந்தது. ஒழுக்கு நின்றபிறகு பணம் எடுக்கும் நேரத்தில் லாரிக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: என்னங்க, ரெண்டு சொட்டு ஈயம் வெச்சதுக்கா இவ்வளவு? அந்த வார்த்தையைச் சொன்ன ஒருவனுக்கும் அவர் ஒரு காசு குறைத்ததில்லை. அதே வார்த்தையைத்தான் இப்போது, உறைக்குள் போட்டு, இவர் கொண்டுவந்திருக்கிறார்.

"நியாயம்மா" என்றார். "என் கணக்கு தப்பு."

சட்டைப் பையைத் தடவினார். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை தவிர எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் எடுத்துவர இன்னொரு தடவை அத்தனை படியும் ஏறி இறங்க வேண்டும். கேஷியர் தம் பையைத் தொட்டார். ரேடியேட்டர்க்காரர் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

மனைவி தம் பர்ஸைத் திறந்தார். தலையணை உறைக் காசு, மரச்சாமான் கடைக்காரர் முந்தின நாள்தான் மொத்தமாகக் கொடுத்தது, இன்னும் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"உன் காசு வேணாம்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"மிஷினை நிறுத்தினது நான்தானே" என்றார் மனைவி. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நூல் அறுந்தா எட்டிப் பாப்பீங்களே, அப்பவே தெரியும்."

ரேடியேட்டர்க்காரர் கட்டிலையும் பார்த்தார், மேசையையும் பார்த்தார். புது ஏணி வாங்கி ஏறிய மனிதர். கடைசியில், "சரி, கடனாக் குடு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து உலகம் கேட்டது அன்றைக்குத்தான்.

"வட்டி உண்டு."

"என்ன வட்டி?"

"இது முடிஞ்சதும் அடுத்த புத்தகம் தேடணும். தினமும் எனக்கு எதிர்ல உக்காந்து தேடணும்."

"குடுத்துடறேன்" என்றார் அவர். சன்னல் பக்கம் நின்ற கேஷியரின் முதுகு லேசாகக் குலுங்கியது.

கட்டிலில் இருந்த அந்த முதிய அம்மாள் இதையெல்லாம் இரண்டு பக்கமும் லைன் போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் கேட்பவர் போல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், மிச்சத்தையும் படித்து முடித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்னையும் அந்தக் கூட்டத்தில் சேருங்கள், போன் பிடிப்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்புறம் ரேடியேட்டர்க்காரர் மனைவியைப் பார்த்து, "உலை என்ன ஆகுதுன்னு சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாங்க. அவரு படிப்பாரு."

"அதுவும் சரி. குடும்மா" என்று உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

உறையில் இருந்ததையும் பர்ஸில் இருந்ததையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டார் மனைவி. துணி மடிப்பைச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு நோட்டாக நீவி, வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டே, விரித்த அந்தக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ரேடியேட்டர்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், தொட்டிக்குள் அமுக்கின ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்க்கிறவர் போல. கடைசி நோட்டும் வந்துவிட்டது. கை மூடவில்லை.

"இன்னொரு தடவை எண்ணும்மா" என்றார் அந்த முதிய அம்மாள்.

மனைவி கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நோட்டுகளைத் திரும்ப எடுத்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், முதல் நோட்டிலிருந்து மறுபடியும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைக்கத் தொடங்கினார்.